விலையில் கை வைப்பதா, கூலியிலா, வரியிலா? ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சந்தையில் அரசு தலையிடலாமா, கூடாதா என்று தலைப்பு வைத்தால் பட்டிமன்றம் நடத்தலாம், முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் அரசு ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. நிலம் யாருடையது என்று பதிவேட்டில் எழுதுவது அரசு. ஒப்பந்தத்தை மீறியவரை நீதிமன்றத்தில் நிறுத்துவது அரசு. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியைத் தவிர வேறு யாரும் 20 ஆண்டுகளுக்கு அதைத் தயாரிக்கக் கூடாது என்று காப்புரிமை கொடுப்பதும் அரசுதான். யார் பையில் எவ்வளவு சேரும் என்பதை இவை எல்லாமே தீர்மானிக்கின்றன. பழகிப்போனதால் தலையீடு என்று நாம் நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

அரசு விலகிக்கொள்வதிலும் லாபம் பார்ப்பவர்கள் உண்டு. 1990களின் ரஷ்யாவில் அதைப் பார்க்கலாம். 1992இல் அரசு நிறுவனங்களின் பங்குகளை வாங்க உதவும் சீட்டுகளைக் குடிமக்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள். காகிதத்தில் இதைவிடச் சமமான பங்கீடு இருக்க முடியாது. 1995இல் கதை மாறியது. அரசுக்குக் கடன் கொடுத்த சில வங்கிகள், அடமானமாக வந்த எண்ணெய், உலோக நிறுவனங்களை அடிமாட்டு விலைக்குத் தங்களுடையதாக்கிக்கொண்டன. வருமானம் ஓரளவு சமமாக இருந்த ஒரு நாடு, பத்தே ஆண்டுகளில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளின் வரிசையில் போய் நின்றது.

ஆகவே கேள்வியை வேறு மாதிரி கேட்போம். ஓர் அரசு ஏற்றத்தாழ்வைக் குறைக்க உண்மையிலேயே நினைக்கிறது. கையில் இருக்கும் பணம் அளவானது, அரசியல் பலமும் அளவானது. எங்கே கை வைத்தால் பலன் அதிகம், பக்கவிளைவு குறைவு? பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது, செலவு யார் தலையில் விழுகிறது, பொருளோ வேலையோ குறைந்துபோகிறதா, தவறாகப் போனால் திரும்பப் பெற முடியுமா என்று ஒவ்வொரு வழியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. விலை ஏறியிருப்பது, அல்லது கூலி தாழ்ந்திருப்பது, எதனால்? பொருளுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடா, இல்லை ஒரு தரப்பின் கை ஓங்கியிருக்கிறதா? என் பார்வையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருவது.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதைக் கிண்டல் செய்து தள்ளிவிட முடியாது. சீனாவில் 1970களின் இறுதியில் சீர்திருத்தங்கள் தொடங்கி, அடுத்த 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள் என்பது உலக வங்கியின் கணக்கு. அதே காலத்தில் அங்கே ஏற்றத்தாழ்வு கூடியது. ஜினி குறியீட்டில் 0 என்றால் முழுச் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே. அது 2008இல் அரசின் கணக்குப்படியே 0.49ஐத் தொட்டது. ஏழைக்கு வருமானம் கூடினால் போதாதா, பணக்காரர் எவ்வளவு சேர்த்தால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

ஆனால் சீன அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நிலம், வங்கி, மின்சாரம், ரயில் எல்லாம் அதன் பிடியில் இருந்தன. வளர்ச்சி ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஏற்றத்தாழ்வு தானாகவே இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு மூலம் 1955இல் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் எழுதிய ஒரு கட்டுரை. அதிலேயே அவர், இதில் 5 சதவீதம்தான் தரவு, மீதி 95 சதவீதம் ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வரியை மட்டும் மறந்துவிட்டார்கள். 1980களுக்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வருமான இடைவெளி மீண்டும் விரிந்தது. தானாக இறங்கும் என்று காத்திருக்க ஆதாரம் போதாது.

விலையைக் கட்டிவைப்பது

அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம் வெளிப்படை: பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்க வேண்டாம், மறுநாள் காலையிலேயே மக்கள் கண்ணில் படும். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் வேலைகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்தார். மீறினால் மரண தண்டனை என்றார். அப்படியும் ஆணை நிற்கவில்லை. 2007இல் ஜிம்பாப்வே அரசு விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. கொஞ்ச நாளில் கடை அலமாரிகள் காலி. விலை குறைந்ததும் வாங்குபவர்கள் கூடுகிறார்கள், விற்பவர்கள் குறைகிறார்கள். இடையில் விழும் பள்ளத்தை வரிசையும் கள்ளச் சந்தையும் சிபாரிசும் நிரப்புகின்றன. இந்த மூன்றிலும் ஏழைக்குக் கை ஓங்குவதே இல்லை.

வாடகைக் கட்டுப்பாடு இதைவிடச் சிக்கலான சமாசாரம்; கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. சான் பிரான்சிஸ்கோவில் 1980க்கு முன் கட்டப்பட்ட சிறிய அடுக்குவீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு பொருந்தும் என்று 1994இல் முடிவானது. அதே அளவுள்ள, ஆனால் கொஞ்சம் பின்னால் கட்டிய வீடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதியான ஒப்பீடு அமையாது. 2019இல் வெளிவந்த ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டியது. கட்டுப்பாட்டுக்குள் வந்த வீடுகளில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அதே முகவரியில் தொடர்ந்து இருக்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் கூடியது. முதியவர்களும் வெகுகாலம் குடியிருந்தவர்களும் அதிகம் பயனடைந்தார்கள். இன்னொரு பக்கம், வீட்டுக்காரர்கள் வாடகை வீடுகளைச் சொந்த வீடுகளாக மாற்றி விற்றார்கள், இடித்துக் கட்டினார்கள். கட்டுப்பாட்டுக்குள் வந்த கட்டடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் 15 சதவீதம் குறைந்தன. நகரம் முழுக்க வாடகை சுமார் 5 சதவீதம் ஏறியது. அதாவது உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்புக்கான செலவை, இனிமேல் வீடு தேடப்போகும் முகம் தெரியாத ஒருவர் கொடுத்தார். அவர் உள்ளே இருந்தவரைவிட ஏழையாகவும் இருக்கலாம்.

இதே பிரச்சினைக்கு ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வேறு விடை கண்டது. 1920களிலிருந்தே நகராட்சி தானே வீடு கட்ட ஆரம்பித்தது. இன்று நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளிலோ இருக்கிறார்கள். இதற்குப் பணமும் நிலமும் பொறுமையும் வேண்டும். ஒரே இரவில் அறிவிக்க முடியாது. வீட்டுக்குத் தட்டுப்பாடு என்றால் வீட்டைக் கூட்டியது வியன்னா. வாடகை என்ற எண்ணை மட்டும் அடித்துத் திருத்தவில்லை.

திரும்பப் பெறுவதிலும் விலைக் கட்டுப்பாடு மோசம். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் விலைகளையும் கூலிகளையும் 90 நாளுக்கு அப்படியே நிறுத்தினார். அது பல கட்டங்களாக 1974 வரை நீண்டது. எண்ணெய் மீதான கட்டுப்பாடு மட்டும் 1981 ஜனவரியில்தான் முழுமையாக நீங்கியது. இடையில் பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை நின்றது.

எரிபொருளை மலிவாக விற்க அரசு மானியம் கொடுப்பது இதன் உடன்பிறப்பு. இங்கே தட்டுப்பாடு வராது, ஆனால் பணம் போகும் திசை தவறு. வளரும் நாடுகளில் எரிபொருள் மானியத்தில் மேல்தட்டு 20 சதவீதத்தினருக்குக் கிடைப்பது, கீழ்த்தட்டு 20 சதவீதத்தினருக்குக் கிடைப்பதைப் போல ஆறு மடங்கு என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கார் வைத்திருப்பவர்தானே அதிகம் எரிக்கிறார்! ஏழையின் பெயரைச் சொல்லி இவ்வளவு பெரிய தொகையைப் பணக்காரருக்குக் கொடுக்கும் திட்டம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அப்படியானால் விலையில் கை வைக்கவே கூடாதா? கூடும், ஆதிக்கம் இருக்கும் இடத்தில். ஓர் ஊருக்கு ஒரே மின்கம்பி, ஒரே குடிநீர்க் குழாய். அங்கே போட்டி வராது, ஆகவே கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பது நியாயம். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தது 1921இல். நூறு ஆண்டு கழிந்தும் அமெரிக்கச் சந்தை பெரும்பாலும் மூன்று கம்பெனிகளின் கையில் இருந்தது, விலையும் ஏறிக்கொண்டே போனது. செய்முறை தெரியாததாலோ மூலப்பொருள் இல்லாததாலோ ஏறிய விலை அல்ல அது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள் மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றது. அடுத்த ஆண்டே மூன்று கம்பெனிகளும் பல இன்சுலின் வகைகளின் பட்டியல் விலையைப் பெருமளவு குறைப்பதாக அறிவித்தன. விலையை அவ்வளவு இறக்க முடிந்ததென்றால், அதுவரை அது எதில் நின்றுகொண்டிருந்தது என்று யோசிக்கலாம்.

கூலிக்கு ஒரு கீழெல்லை

குறைந்தபட்சக் கூலியும் விலைக் கட்டுப்பாடுதானே, அப்படியென்றால் வேலை குறைய வேண்டுமே? பாடப்புத்தகம் வெகுகாலம் அப்படித்தான் சொன்னது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லையின் இரண்டு பக்கமும் 410 துரித உணவகங்களை ஒப்பிட்டு 1994இல் முடிவை வெளியிட்டார்கள்: நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. பெரிய சண்டை கிளம்பியது. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

இதற்கு விளக்கம் மந்திரம் இல்லை. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933லேயே இதைக் கோட்பாடாக எழுதிவிட்டார். வேலை கொடுப்பவர்கள் சிலரே, வேறு இடம் போவதும் சிரமம் என்றால், கூலி தொழிலாளியின் உழைப்பு ஈட்டும் மதிப்பைவிடக் கீழே நிற்கும். இங்கே முதலாளியின் கை ஓங்கியிருக்கிறது. கீழெல்லை போட்டால் அந்த இடைவெளிதான் சுருங்குகிறது, வேலை சுருங்க வேண்டியதில்லை. ஜெர்மனி 2015 ஜனவரியில் முதல் தடவையாக நாடு முழுக்க மணிக்கு 8.50 யூரோ என்று நிர்ணயித்தது. லட்சக்கணக்கில் வேலை போகும் என்ற கணிப்புகள் பலிக்கவில்லை. கூலி ஏறியது. சிலர் சிறிய, திறன் குறைந்த நிறுவனங்களை விட்டு நல்ல நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள்.

அளவு மீறினால் கதை வேறு. 1938இல் அமெரிக்கா மணிக்கு 25 சென்ட் என்று கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவந்தபோது, அது அமெரிக்க ஆளுகையில் இருந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பொருந்தியது. அங்கே பெரும்பாலோரின் கூலியே அதைவிடக் குறைவு. தையல் வேலை செய்த ஏராளமானோர் வேலை இழந்தார்கள், இரண்டு ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. எண்ணை அந்தந்த இடத்தின் நடுத்தரக் கூலியோடு ஒப்பிட்டு வைக்க வேண்டும். தலைநகரின் கூலியைப் பார்த்து ஓரத்து மாவட்டத்துக்கு நிர்ணயித்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு தடை பெரிது. உலகத் தொழிலாளர்களில் சுமார் 60 சதவீதம் பேர், 200 கோடிப் பேர், முறைசாராத வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. சம்பளச் சீட்டே இல்லாதவருக்குச் சட்டம் எதைச் செய்யும்? நேராக ஒன்றும் செய்யாது. ஆனாலும் சுற்றிவளைத்துக் கொஞ்சம் செய்கிறது. பிரேசிலில் 1996க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் குறைந்தபட்சக் கூலியின் உண்மை மதிப்பு, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த மதிப்பு, இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. அங்கே கூலி ஏற்றத்தாழ்வு குறைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்கின்றன ஆய்வுகள். முறைசாரா வேலைகளிலும் பலர் அந்த எண்ணையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். இந்தியா 2005இல் சட்டமாக்கிய கிராமப்புற வேலை உறுதித் திட்டத்திலும் இதே மாதிரி ஒன்று தெரிந்தது. அரசு வேலை என்று ஒரு மாற்று இருப்பதாலேயே தனியார் கூலியும் ஏறியது. அந்த வேலைக்குப் போகாதவரும் அதனால் பயன் பெற்றார்.

டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிக்கின்றன. சங்கம் வலுவாக உள்ள இடத்தில் அரசின் எண் தேவைப்படுவதில்லை. சங்கம் இல்லாத நாட்டுக்கு இந்த உதாரணத்தைக் காட்டி "பாருங்கள், அங்கே சட்டமே இல்லை" என்பது ஏமாற்று வேலை.

வரியாக எடுத்து, பணமாகக் கொடுப்பது

விலையைத் தொடாமல் விட்டுவிட்டு, வருமானத்தை மட்டும் மாற்றிப் பகிர்வது. பொருளாதார அறிஞர்களுக்கு இதுதான் முதல் விருப்பம். அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. வரிக்கும் உதவித்தொகைக்கும் முந்தைய வருமானத்தைப் பார்த்தால் பணக்கார நாடுகளிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த வரிசையில் இருக்கும். இரண்டையும் சேர்த்த பிறகு நடு வரிசைக்கு வந்துவிடும். பிரேசில் 2003இல் தொடங்கிய குடும்ப உதவித் திட்டம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏழைத் தாய்மார்களிடம் பணத்தைக் கொடுத்தது. உச்சத்தில் நாலில் ஒரு பிரேசிலியரின் குடும்பத்தை அது எட்டியது. செலவு தேசிய உற்பத்தியில் அரை சதவீதம் அளவுக்குத்தான். எரிபொருள் மானியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பணம் எங்கே வீணாகிறது என்று புரியும்.

கையில் காசு வந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பயம் பழையது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயிலிருந்து 1982 முதல் ஒவ்வொரு ஆண்டும் குழந்தைகள் உட்பட குடியிருப்பவர் எல்லோருக்கும் பங்கு கொடுக்கிறது. அதனால் மொத்த வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. பகுதிநேர வேலை மட்டும் கொஞ்சம் கூடியது. தொகை வாழ்க்கைச் செலவுக்கே போதுமானதாக இருந்தால் இதே முடிவு வருமா என்பது வேறு கேள்வி.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆர்தர் ஓக்கன் 1975இல் இதை ஓட்டை வாளி என்றார். பணக்காரரிடமிருந்து மொண்டு ஏழைக்குக் கொண்டுபோகும் வழியில் கொஞ்சம் ஒழுகும். எவ்வளவு ஒழுகினால் பொறுத்துக்கொள்வீர்கள் என்பது அவர் கேள்வி. ஒழுகல் இருக்கிறது, ஆனால் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. 2014இல் நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் பல நாடுகளின் தரவைப் பார்த்து, வழக்கமான அளவிலான மறுபங்கீடு வளர்ச்சியைக் கெடுத்ததாகப் பொதுவாகத் தெரியவில்லை, மிகப் பெரிய அளவில் போனால்தான் கெடுதல் தெரியக்கூடும் என்றார்கள். அந்த அமைப்பிலிருந்து இப்படி ஒரு முடிவு வந்ததே பலருக்கு ஆச்சரியம்.

பணம் எங்கிருந்து வரும்? பணக்காரர்களிடமிருந்து மட்டும் என்று சொல்ல ஆசைதான். நார்டிக் நாடுகளைப் பார்த்தால் அப்படி இல்லை. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றிலும் பொருள்கள் மீதான பொது மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம். அது ஏழைகளும் கொடுக்கும் வரி. எல்லோரிடமும் வாங்கி, கீழே இருப்பவருக்குக் கூடுதலாகத் திரும்பக் கொடுக்கிறார்கள். செல்வத்தின் மீது ஆண்டுதோறும் வரி போட்ட பணக்கார நாடுகள் 1990இல் 12 இருந்தன, 2017இல் நான்குதான். ஸ்வீடனே வாரிசு வரியை 2004இலும் செல்வ வரியை 2007இலும் எடுத்துவிட்டது. அங்கே வருமானம் சமமாக இருந்தாலும் சொத்து அப்படியில்லை. எதைச் சமமாக்கப் போகிறோம், மாத வருமானத்தையா, சேர்த்து வைத்த சொத்தையா என்று முதலிலேயே முடிவு செய்யாத அரசு தன் வெற்றியைத் தானே சொல்லிக்கொள்ளும்.

செல்வ வரி தோற்றதற்குக் காரணம் சொத்து நகரக்கூடியது, மதிப்பிடக் கடினமானது, விலக்குகள் நிறைந்தது. நிலம் நகராது. அதற்கு வரி போட்டால் நிலத்தின் அளவு குறையாது. எனக்குப் பிடித்த வரி இதுதான். அடுத்து வாரிசு வரி. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்வது 2017இல் தொடங்கியது. பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் 2021இல் ஒப்புக்கொண்டன. ஒளித்து வைப்பது முன்னைவிடச் சிரமம். முழுக்க முடியாது என்றும் சொல்ல மாட்டேன்.

ஈரானின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, அந்தப் பணத்தைத் தலைக்கு மாதம் 4,55,000 ரியால் என்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் கணக்கில் போட்டார்கள். முதலில் வறுமையும் ஏற்றத்தாழ்வும் குறைந்தன. தொகையை விலைவாசியோடு சேர்த்து ஏற்றவில்லை. பணவீக்கம் சில ஆண்டுகளில் அதைத் தின்றுவிட்டது.

போட்டியை மறிப்பவர்கள்

சர்க்கார் கஜானாவிலிருந்து ஏறக்குறைய எதுவும் செலவாகாமல் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழி ஒன்று உண்டென்றால் அது இது. மெக்சிகோவின் தொலைபேசித் துறை வெகுகாலம் ஒரே குழுமத்தின் பிடியில் இருந்தது. அதன் உரிமையாளர் கார்லோஸ் ஸ்லிம் 2010 முதல் 2013 வரை உலகப் பணக்காரர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். அந்தத் துறையின் கோளாறால் 2005 முதல் 2009 வரை மெக்சிகோ மக்கள் இழந்தது சுமார் 12,900 கோடி டாலர் என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி மதிப்பிட்டது. 2013இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, புதிய ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு அந்தக் குழுமத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2015இல் தேசிய தொலைதூர அழைப்புக் கட்டணம் ஒழிந்தது, கைபேசிக் கட்டணங்களும் நன்றாகவே இறங்கின. ஒருவர் சொத்தும் பல கோடிப் பேரின் மாதக் கட்டணமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

தொழில் உரிமங்களும் இந்த வகைதான். அமெரிக்காவில் 1950களில் 20 பேரில் ஒருவருக்கு வேலை செய்ய அரசு உரிமம் தேவைப்பட்டது. இப்போது ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு. அறுவை மருத்துவருக்கு உரிமம் வேண்டும், சரி. முடி திருத்துபவருக்கு எத்தனை நூறு மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களே முடிவு செய்தால், அது புதியவரைத் தள்ளிவைக்கும் வேலை.

தடையை எடுத்தால் எப்போதும் சமம் வரும் என்றும் நினைக்கக் கூடாது. லண்டன் பங்குச் சந்தையின் விதிகளை 1986 அக்டோபரில் ஒரே நாளில் தளர்த்தினார்கள். நிதித்துறையின் மேல்மட்டச் சம்பளங்கள் அதற்குப் பிறகு எங்கோ போய்விட்டன. யாருடைய கையை ஓங்க வைத்திருந்த தடை அது, எடுத்தால் யார் கை ஓங்கும் என்று பார்க்காமல் திறப்பது சரியல்ல.

இந்த வகையில் ஆழமாகப் போனது நிலச் சீர்திருத்தம். 1940களின் பிற்பாதியிலும் 50களின் தொடக்கத்திலும் ஜப்பான், தென் கொரியா, தைவான் மூன்றும் குத்தகைதாரருக்கு நிலத்தைக் கொடுத்தன. தைவானில் 1949இல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 1953இல் உழுபவருக்கே நிலம் போனது. பின்னால் வந்த தொழில் வளர்ச்சி ஓரளவு சமமான அடித்தளத்தில் எழுந்தது. ஆனால் இது நடந்த சூழலைக் கவனியுங்கள். ஜப்பானில் அமெரிக்க ராணுவத்தின் ஆட்சி. தைவானில் ஆண்டவர்கள் சீனப் பெருநிலப்பரப்பிலிருந்து வந்தவர்கள், உள்ளூர் நிலவுடைமையாளர்களுக்குக் கடன்பட்டவர்கள் அல்ல. கொரியாவில் பக்கத்திலேயே கம்யூனிச ஆட்சியும் போரும். சாதாரணக் காலத்தில் தேர்தலில் நிற்கும் அரசுக்கு இந்த வழி அவ்வளவு எளிதில் கிடைக்காது. இழப்பவர்கள் சிலர், பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள். பெறுபவர்கள் பலர், சிதறிக் கிடப்பவர்கள். தொலைபேசியில் முடிந்தது நிலத்தில் முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

பொதுப் பள்ளி, பொது மருத்துவம் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. வேலை செய்கிறது, நேரம் எடுக்கிறது. பின்லாந்து 1970களில் 11 வயதிலேயே பிள்ளைகளைப் பிரிக்கும் முறையை விட்டுவிட்டுப் பொதுப் பள்ளிக்கு மாறியது. அப்பாவின் வருமானம் மகனின் வருமானத்தோடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று காட்டும் அளவு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கும்போது 0.30இலிருந்து 0.23க்கு இறங்கியிருந்தது. தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. சிகிச்சைச் செலவால் குடும்பம் கவிழ்வது குறைந்தது. அடுத்த தேர்தலுக்குள் பலன் கேட்பவருக்கு இரண்டுமே பிடிக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது

வரிக்கு முன்பே சமமாக்குவதா, வரிக்குப் பின்பா என்று ஒரு சண்டை இருக்கிறது. ஐரோப்பா அமெரிக்காவைவிடச் சமமாக இருப்பதற்குக் காரணம் உதவித்தொகை அல்ல, வரிக்கு முந்தைய வருமானமே அங்கே சமமாக இருப்பதுதான் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அயர்லாந்துக் கணக்கு வேறு திசை காட்டுகிறது. ஓய்வூதியத்தை எந்தப் பக்கம் வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதிலேயே இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி அடங்கிவிடும். ஆகவே ஒன்றை விட்டு ஒன்று என்று நான் பார்க்கவில்லை; எந்த நாட்டுக்கு எது முதலில் என்றுதான் பார்க்கிறேன்.

வரி வசூலிக்கும் கை நீளமாக உள்ள நாடு என்றால்: அகலமான வரி, அதிலிருந்து பொதுப் பள்ளி, மருத்துவம், குழந்தைகளுக்கான தொகை. சங்கம் வலுவிழந்த துறைகளில் மிதமான குறைந்தபட்சக் கூலி. வீட்டு நெருக்கடிக்கு வாடகை உச்சவரம்பைவிட வியன்னா வழி. அதுவரை குடியிருப்பவரைத் திடீரென்று வெளியே தள்ளாதபடி, ஆண்டு உயர்வுக்கு மட்டும் ஒரு வரம்பு இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெரும்பாலோர் முறைசாரா வேலையில் இருக்கும், வரி அலுவலகத்துக்குப் பாதிப் பொருளாதாரம் தெரியாத நாடு என்றால் வரிசை மாறும். முதலில் போட்டியை மறிக்கும் உரிமங்களையும் தனியுரிமைகளையும் எடுப்பேன். அதற்குப் பணம் வேண்டாம். அடுத்து எரிபொருள் மானியம். அதை வெட்டுவதற்கு முன்பே, பின்பு அல்ல, பணம் குடும்பங்களின் கணக்கில் விழ வேண்டும். தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது நில வரி. வருமானத்தை ஒளிக்கலாம், நிலத்தை ஒளிக்க முடியாது.

ஏழைக்கு மட்டும் கொடுப்பதா, எல்லோருக்குமா என்பதில் இன்னும் வாதம் தீரவில்லை. ஏழைக்கு மட்டும் என்றால் அதே பணத்தில் ஒருவருக்குக் கிடைப்பது அதிகம். ஆனால் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வால்டர் கோர்பியும் யோக்கிம் பால்மேயும் 1998இல் காட்டியபடி, ஏழைக்கென்று மட்டும் குறிவைத்த நாடுகளில் மொத்த மறுபங்கீடு குறைவாகவே இருந்தது. தனக்கு எதுவும் கிடைக்காத திட்டத்துக்கு நடுத்தர வர்க்கம் வரி கொடுக்க விரும்பாது. அப்புறம் யார் ஏழை என்று பட்டியல் போடும் அதிகாரி, அதில் பெயர் விடுபட்டவர், பெயர் சேர்க்க வாங்கும் லஞ்சம் என்று தனிக் கதை. இருக்கும் பணத்தில் எல்லோருக்கும் முடியாது என்றால், குழந்தைகளுக்கான தொகையை மட்டும் முதலில் எல்லோருக்கும் ஆக்குவேன். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும், யாரும் ஏழை என்று நிரூபிக்க வேண்டாம். முதியோர் ஓய்வூதியம் அதற்கு அடுத்து. வேலை செய்யும் வயதினருக்குத் தொகை, நில வரி எவ்வளவு வசூலாகிறது என்று தெரிந்த பிறகு.